விடுதலைக் கலைகள்

1890களின் முற்பகுதி. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், நியூ ஆற்றங்கரையில் நட்டல்பர்க் என்றொரு நிலக்கரிச் சுரங்க ஊர். பகலெல்லாம் நிலத்தடியில் உழைத்துவிட்டு மேலே வரும் கறுப்பினத் தொழிலாளர்கள், மாலையில் ஆலிவர் ஜோன்ஸ் என்பவரின் வீட்டில் கூடுவார்கள். ஜோன்ஸும் ஒரு சுரங்கத் தொழிலாளியே. உள்நாட்டுப் போரில் பங்கேற்ற பழைய வீரர். தோழர்கள் அமர்ந்து சிற்றுண்டி உண்ணவும் தேநீர் அருந்தவும் தம் வீட்டில் ஓர் இடத்தை ஒதுக்கியிருந்தார். கறுப்பின மக்களின் வரலாற்றைக் கூறும் நூல்களையும் செய்தித்தாள்களையும் விலைகொடுத்து வாங்கி அங்கே சேர்த்து வைத்திருந்தார். ஆனால் அவருக்குப் படிக்கத் தெரியாது.

அந்தச் சுரங்கத்தில் வேலை செய்த இளைஞன் ஒருவனுக்குப் படிக்கத் தெரியும் என்று ஜோன்ஸ் அறிந்தார். ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இளைஞன் நாள்தோறும் செய்தித்தாள்களை உரக்கப் படிக்க வேண்டும். அவன் உண்ணும் சிற்றுண்டிக்கு விலை இல்லை. அவன் படித்தான். தொழிலாளர்கள் கேட்டார்கள், இடைமறித்து வினவினார்கள், தங்களுக்குள் வாதிட்டார்கள். நாணயத்துக்கு அடிப்படை தங்கமா வெள்ளியா, இறக்குமதி வரியால் யாருக்கு ஆதாயம் என்பன போன்ற நாட்டுப் பொருளாதாரச் சிக்கல்களெல்லாம் கரி படிந்த அந்தக் கைகளுக்கிடையே அலசப்பட்டன. கேட்பவர்களின் வினாக்களுக்கு விடை சொல்வதற்காகவே இளைஞன் மேலும் மேலும் படிக்க வேண்டியதாயிற்று.

அவன் பெயர் கார்ட்டர் காட்வின் உட்சன். பிற்காலத்தில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றியலின் தந்தை என்று போற்றப்பட்டவர். அவருடைய கல்வியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1912இல் அவர் பெற்ற முனைவர் பட்டத்தையே முதலில் குறிப்பிடுவர். அதற்கு முன்பு அவர் பயின்ற ஒரு சிறிய மலைநாட்டுக் கல்லூரி ஒரு வரியில் கடந்துபோகும். அந்த ஒரு வரி நின்று நோக்கத்தக்கது. கல்வி என்பது யாருக்கு உரியது, எதற்கு உரியது என்னும் பழைய வழக்கின் முக்கியமான விசாரணைகளுள் ஒன்று அந்தக் கல்லூரியில்தான் நடந்தது.

சொல்லின் பொருள்

உட்சன் பயின்றது லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்று அமெரிக்காவில் வழங்கப்படும் வகையைச் சேர்ந்தது. இத்தகைய கல்லூரிகள் அளவில் சிறியவை. சில நூறு மாணவர் முதல் இரண்டாயிரம், மூவாயிரம் மாணவர் வரை பயில்வர். மருத்துவம், சட்டம் போன்ற ஒரு தொழிலுக்குரிய பயிற்சியை அளிப்பது இவற்றின் நோக்கமன்று. இலக்கியம், வரலாறு, மெய்யியல், கணக்கு, இயற்கை அறிவியல், இசை என்று பலவற்றையும் மாணவர் தொட்டுப் பயில்வர். முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டின் முடிவில் தேர்ந்தால் போதும் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் நடைமுறை. வகுப்பில் பதினைந்து, இருபது பேர் இருப்பர். ஆசிரியருக்கு ஒவ்வொரு மாணவரின் பெயரும் தெரியும். பெயர் மட்டுமன்று; யார் நூலைப் படித்துவிட்டு வந்தார், யார் படிக்காமல் வந்து தலையைக் குனிந்துகொண்டார் என்பதும் தெரியும். பெரிய வகுப்பறையின் கடைசி இருக்கை அளிக்கும் பாதுகாப்பு அங்கே கிடையாது. சிறுமையால் விளையும் இந்த நெருக்கத்தை அக்கல்லூரிகளில் பயின்ற பலரும் முதலில் அஞ்சி, பின்னர் விரும்பியிருக்கின்றனர்.

'லிபரல்' என்னும் அடைமொழியின் வேரில் வேறொரு செய்தி புதைந்திருக்கிறது. இலத்தீன் மொழியில் 'லீபெர்' என்றால் அடிமையல்லாத, விடுதலையுடைய மனிதன் என்று பொருள். இலக்கணம், தருக்கம், சொல்வன்மை, எண்கணக்கு, வடிவக்கணக்கு, இசை, வானியல் ஆகிய ஏழும் விடுதலையுடைய மனிதனுக்குத் தகுந்த கலைகள் என்று பழைய ஐரோப்பா வகுத்தது. கையால் செய்யும் வேலைகள் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. அவை பிறருக்காக உழைப்பவனுக்கு உரியவை. கூலிக்காகச் செய்யும் வேலை மனத்தைத் தாழ்த்திவிடும் என்றே அரிஸ்டாட்டிலும் கருதினார். சிந்திப்பவன் ஒருவன், உழைப்பவன் இன்னொருவன் என்னும் பிரிவினை அந்தப் பெயரிலேயே அடங்கியிருந்தது. அழகான பெயர்தான், ஆனால் பெரும்பாலோரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சூட்டப்பட்ட பெயர்.

உட்சன் 1875ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். தாயும் தந்தையும் அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்றவர்கள். தந்தை தச்சர், எழுத்தறியாதவர். அந்த எழுத்தறியாமை தற்செயலானதன்று. கறுப்பின மக்களுக்குப் படிக்கவும் எழுதவும் கற்பிப்பதற்காகக் கூடுவதை வர்ஜீனியாவின் 1831ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. அடிமையை வைத்து ஆண்டவர்கள் எழுத்தின் ஆற்றலை நன்கு அறிந்திருந்தார்கள். அறிந்ததனாலேயே தடுத்தார்கள். இத்தகைய குடும்பத்தில் பிறந்த ஒருவர் 'விடுதலையுடைய மனிதனுக்குரிய கலைகளை'ப் பயிலச் செல்கிறார் என்றால், அது வெறும் கல்லூரிச் சேர்க்கையன்று.

வறுமையால் உட்சனின் பள்ளிப்படிப்பு தடைப்பட்டது. வேளாண் வேலைகள் இல்லாத சில மாதங்களில் மட்டுமே சிறுவயதில் பள்ளி செல்ல முடிந்தது. சுரங்கத்தில் உழைத்துவிட்டு, ஹன்டிங்டன் நகரின் டக்ளஸ் உயர்நிலைப்பள்ளியில் அவர் சேர்ந்தபோது வயது இருபது. நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். அதன்பின் அண்டை மாநிலமான கென்டக்கியில் இருந்த பெரீயா கல்லூரியை நாடினார்.

மலையடிவாரத்து ஓரறைப் பள்ளி

பெரீயா கல்லூரியைத் தொடங்கியவர் ஜான் ஃபீ என்னும் சமய போதகர். அவருடைய தந்தை அடிமைகளை உடைமையாகக் கொண்டவர். மகன் அடிமைமுறையை எதிர்த்தான் என்பதற்காகத் தந்தை அவருக்குச் சொத்துரிமை மறுத்தார். காசியஸ் கிளே என்னும் நிலக்கிழார் அளித்த நிலத்தில் ஃபீ குடியேறி, 1855இல் ஓரறைப் பள்ளி ஒன்றை அமைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே அறை வழிபாட்டு இடமாகவும் பயன்பட்டது. விவிலியத்தில், கேட்டதை அப்படியே ஏற்காமல் அது மெய்தானா என்று நாள்தோறும் ஆராய்ந்தவர்களாகச் சொல்லப்படும் மக்களின் ஊர் பெரீயா. ஒரு கல்விக்கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

அடிமைமுறை சட்டப்படி நிலவிய மாநிலத்தில் எல்லா இனத்தவருக்கும் பொதுவான கல்லூரியை உருவாக்குவது ஃபீயின் எண்ணம். 1859ஆம் ஆண்டு திசம்பரில் ஆயுதம் தாங்கிய அறுபதுக்கும் மேற்பட்டோர் திரண்டு வந்து, பத்து நாளில் ஊரைவிட்டு வெளியேறுமாறு பெரீயாவினரை அச்சுறுத்தினர். ஆசிரியர்களும் குடும்பங்களும் ஓஹையோ மாநிலத்துக்குப் பெயர்ந்தனர். போர் முடிந்தபின்னர்தான் பள்ளி மீண்டும் முறையாக நடந்தது. 1866இல் கறுப்பின மாணவர்கள் முதன்முறையாக வகுப்பறைக்குள் வந்தபோது வெள்ளையின மாணவர்களுள் பலர் எழுந்து வெளியே சென்றனர். எஞ்சியவர்களோடு வகுப்பு நடந்தது. அவ்வாண்டு முடிந்து அடுத்த ஆண்டின் பெயர்ப்பதிவில் 96 கறுப்பின மாணவர்களும் 91 வெள்ளையின மாணவர்களும் இருந்தனர். கல்லூரி வகுப்புகள் 1869இல் தொடங்கின.

பெரீயாவின் முதல் தலைவரான எட்வர்டு ஹென்றி ஃபேர்சைல்டு, ஓஹையோவின் ஓபர்லின் கல்லூரியிலிருந்து வந்தவர். கறுப்பின மாணவர்களை 1835 முதலும், பட்டப்படிப்பில் பெண்களை 1837 முதலும் சேர்த்துக்கொண்ட கல்லூரி ஓபர்லின். (இதே ஓபர்லின், இருபதாம் நூற்றாண்டில் தன் பட்டதாரிகளை மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் ஆங்கிலம் கற்பிக்க அனுப்பிவந்தது.) கல்லூரியில் யாரைச் சேர்ப்பது என்பது அலுவலக நடைமுறையன்று, அதுவே கல்லூரியின் முதற்பாடம் என்னும் கொள்கை ஓபர்லினிலிருந்து பெரீயாவுக்கு வந்தது.

பெரீயாவின் இன்னொரு தனித்தன்மை உழைப்பு. மாணவர் கல்லூரியில் வேலை செய்து தம் செலவை ஈடுகட்டும் வழக்கம் அங்கே தொடக்கத்திலிருந்தே உண்டு. 1892 முதல் பெரீயா எந்த மாணவரிடமும் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. இன்று அங்குப் பயிலும் ஏறத்தாழ 1,500 மாணவர்களும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் உழைக்க வேண்டும். தறியில் நெய்வோர், துடைப்பம் கட்டுவோர், பண்ணையில் வேலை செய்வோர், கல்லூரி நடத்தும் விடுதியில் விருந்தினருக்கு உணவு பரிமாறுவோர், நூலகத்திலும் ஆய்வகத்திலும் பணிபுரிவோர் எனப் பலதரப்பட்டவர்கள் இருக்கின்றனர். வேலைக்கும் பாடத்தைப் போலவே மதிப்பீடு உண்டு. கவிதையைப் பற்றிக் காலையில் விவாதித்தவர் மாலையில் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார். அதில் வியப்படைய அங்கே யாரும் இல்லை.

பிற சிறு கல்லூரிகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். புகழ்பெற்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பலவற்றில் ஓராண்டுக்கான முழுச் செலவு இன்று 80,000 டாலரைக் கடந்துவிட்டது. ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு என்பது உண்மையே. எனினும், பதினைந்து பேர் அமர்ந்து உரையாடும் அந்த வகுப்பறை, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எளிதாகவும் பிறருக்கு அரிதாகவுமே கிட்டுகிறது. பழைய ரோமானியப் பிரிவினை சட்டத்திலிருந்து நீங்கிக் கட்டணப் பட்டியலுக்குள் குடிபுகுந்துவிட்டது. சிறிய வகுப்பு நல்லது என்று பேசுவோர், அது யாருக்குக் கிடைக்கிறது என்னும் வினாவையும் சேர்த்தே பேச வேண்டும்.

துண்டு துண்டாகக் கிடைத்த கல்வி

1897ஆம் ஆண்டுக்கும் 1903ஆம் ஆண்டுக்கும் இடையில் உட்சன் பெரீயாவில் பயின்றார். தொடர்ச்சியாக அன்று, வந்து சில காலம் பயில்வார், பொருள் தேடச் செல்வார், மீண்டும் வருவார். இடையில் சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென வினோனா என்னும் ஊரில் நடந்த பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1900இல், தாம் பயின்ற அதே டக்ளஸ் உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். ஆண்டில் பல மாதங்கள் தலைமையாசிரியர். பள்ளி விடுமுறையில் கல்லூரி மாணவர். 1903இல் இலக்கிய இளங்கலைப் பட்டம் பெற்றபோது அவருக்கு இருபத்தேழு வயது.

கல்லூரி வாழ்க்கை என்றதும் கவலையற்ற நான்காண்டுகள், நண்பர் குழாம், மரநிழல் என்று ஒரு படம் மனத்தில் விரியும். உட்சனின் கல்லூரி வாழ்க்கை அந்தப் படத்தில் அடங்காது. ஆனால் அவர் போன்ற மாணவருக்கு இடமளிப்பதில்தான் ஒரு கல்லூரியின் தரம் தெரியும். விட்டுவிட்டு வருபவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள பெரீயாவால் முடிந்தது. வந்த இடத்தில் வெள்ளையின மலைவாழ் உழவர்களின் பிள்ளைகளும் விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் பயின்றார்கள். அன்றைய தென் மாநிலங்களில் இப்படி ஒரு காட்சியை வேறிடத்தில் காண்பது மிக அரிது.

உட்சனைப் பெரீயாதான் உருவாக்கியது என்று சொல்லிவிடலாம். பட்டமளிப்பு விழாக்களில் இத்தகைய பேச்சுக்குக் குறைவில்லை. அது சரியாகாது. ஜோன்ஸின் வீட்டு அறையில் அவருடைய உயர்கல்வி முன்பே தொடங்கிவிட்டது. நூலைப் படித்தல், அதைப் பிறர் முன் எடுத்துரைத்தல், வினாக்களை எதிர்கொள்ளுதல், விடை தெரியாதபோது மீண்டும் நூலுக்குத் திரும்புதல் என்பவை எந்தச் சிறு கல்லூரியின் வகுப்பறைக்கும் அடிப்படையானவை. அவை அனைத்தும் அந்தச் சுரங்க ஊரில் நடந்தன. பட்டம் ஒன்றுதான் அங்கே கிடைக்கவில்லை. பெரீயா செய்தது, அந்த அறையில் தொடங்கியதற்குத் தொடர்ச்சியும் ஒழுங்கும் அங்கீகாரமும் அளித்தது. அதுவே போதுமான சிறப்பு.

அதே 1903ஆம் ஆண்டில்தான் கறுப்பினக் கல்வியைப் பற்றிய பெருவிவாதம் ஒன்று உச்சத்தை அடைந்தது. டஸ்கிகி நிறுவனத்தை நடத்திய புக்கர் வாஷிங்டன், கறுப்பின மக்களுக்கு உடனடித் தேவை தொழிற்கல்வியே என்றார். செங்கல் அறுக்கவும், தச்சு வேலை செய்யவும், நிலத்தைத் திருத்தவும் கற்றுப் பொருளாதாரத்தில் காலூன்றினால் மற்ற உரிமைகள் பின்னர் வரும் என்பது அவர் வாதம். ஃபிஸ்க் என்னும் சிறிய கல்லூரியில் பயின்று ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற டுபாய்ஸ், அவ்வாண்டு வெளியிட்ட தம் நூலில் இதைக் கடுமையாக மறுத்தார். சிந்தனையைப் பிறருக்கு விட்டுக்கொடுத்துக் கைத்திறனை மட்டும் ஏற்றுக்கொள்ளும் சமூகம், உரிமையைக் கேட்கும் ஆற்றலையே இழந்துவிடும் என்பது அவர் கருத்து.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. பசித்திருப்பவனிடம் வானியல் பேசுவது கொடுமை என்பதை வாஷிங்டன் அறிந்திருந்தார். ஆனால் பசித்திருப்பவனுக்கு வானியல் தேவையில்லை என்று மற்றவர்கள் முடிவுசெய்வது அதைவிடக் கொடுமை. அன்றைய அமெரிக்காவில் தொழிற்கல்வியைப் புகழ்ந்து பொருளுதவி செய்த செல்வர் பலர், தம் பிள்ளைகளை அதற்கு அனுப்பவில்லை. கறுப்பினத்தவர்க்கு உழைப்பு, தம்மவர்க்குக் கிரேக்கமும் இலத்தீனும் என்று அவர்கள் வகுத்த திட்டத்தில் 'லீபெர்' என்னும் சொல்லின் பழைய பொருள் அப்படியே உயிரோடிருந்தது. உழைப்பு இழிவானதன்று. ஒரு சாராருக்கு மட்டும் உழைப்பையும் மற்றொரு சாராருக்கு மட்டும் சிந்தனையையும் பங்கிட்டுக் கொடுப்பதுதான் இழிவு. எல்லாரும் உழைக்க வேண்டும், எல்லாரும் சிந்திக்க வேண்டும் என்று பெரீயா வைத்துக்கொண்ட ஏற்பாடு, இரு பெரியோரின் விவாதத்துக்கும் நடுவில் ஓசையின்றி நின்ற ஒரு விடை.

இருபத்தைந்து மைல்

உட்சன் பட்டம் பெற்ற மறு ஆண்டு, கென்டக்கி சட்டமன்றத்தில் கார்ல் டே என்னும் உறுப்பினர் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். வெள்ளையினத்தவரும் கறுப்பினத்தவரும் ஒன்றாகப் பயிலும் எந்தக் கல்விக்கூடமும் மாநிலத்தில் இருக்கலாகாது. மீறி நடத்தும் நிறுவனத்துக்கு 1,000 டாலர் தண்டம். கற்பிக்கும் ஆசிரியருக்கும் தண்டம். கற்கும் மாணவருக்கும் தண்டம். ஒரே கல்லூரி இரு இனத்தவருக்கும் தனித்தனிக் கிளைகளை நடத்த விரும்பினால், அவற்றுக்கிடையே குறைந்தது 25 மைல் தொலைவு இருக்க வேண்டும். மாநிலத்தில் அப்போது இரு இனத்தவருக்கும் பொதுவாக இயங்கிவந்த கல்லூரி பெரீயா ஒன்றே. அந்த ஒன்றைக் குறிவைத்தே சட்டம் எழுதப்பட்டது.

சில நூறு பேர் பயிலும் மலையடிவாரக் கல்லூரியைக் கண்டு ஒரு மாநில அரசு ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும்? ஒரே பலகையில் அமர்ந்து ஒரே கணக்கைப் போட்ட இருவர், பின்னாளில் ஒருவரையொருவர் தாழ்ந்தவர் என்று நம்புவது கடினம். பாடநூலில் இல்லாத இந்தப் பாடத்தைத்தான் சட்டம் தடைசெய்தது. அதற்கு 25 மைல் இடைவெளி தேவைப்பட்டது.

கல்லூரி வழக்காடியது. மாநில நீதிமன்றத்தில் தோற்று நாட்டின் உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. 1908 நவம்பரில் வந்த தீர்ப்பும் மாநிலத்துக்கே சாதகமாக அமைந்தது. கல்லூரி என்பது மாநிலம் அளித்த உரிமத்தால் இயங்கும் நிறுவனம். அந்த உரிமத்தின் வரம்பை மாற்ற மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது நீதிமன்றம். மனிதர்களின் உரிமை பற்றிய வினா, நிறுவனச் சட்டத்தின் சந்து வழியே தப்பவிடப்பட்டது. நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் மட்டும் விரிவான மறுப்புரை எழுதினார். கற்பிக்கும் உரிமை மனிதனின் அடிப்படை விடுதலைகளுள் ஒன்று என்றும், இதை அனுமதித்தால் வழிபாட்டு இடத்தில் சிறுவர் சேர்ந்து சமயம் கற்பதையும் நாளை அரசு தடைசெய்யக்கூடும் என்றும் அவர் எச்சரித்தார். ஹார்லன் கென்டக்கி மாநிலத்தவர். இளமையில் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். பிறப்பு ஒருவருடைய தீர்ப்பை முடிவுசெய்துவிடுவதில்லை.

கறுப்பின மாணவர்கள் பெரீயாவை விட்டு வெளியேறினர். பிற மாநிலங்களில் இருந்த கறுப்பினக் கல்லூரிகளுக்குச் செல்ல பெரீயா அவர்களுக்கு உதவியது. லூயிவில் நகருக்கு அருகே அவர்களுக்கென லிங்கன் நிறுவனம் 1912இல் திறக்கப்பட்டது. ஆனால் அது கல்லூரியாக வளரவில்லை. தொழிற்பயிற்சியும் ஆசிரியப் பயிற்சியும் அளிக்கும் உயர்நிலைப்பள்ளியாகவே நடந்தது. விடுதலைக் கலைகளுக்கு மாற்றாகக் கைத்தொழில் வழங்கப்பட்டது. தனியாகப் பிரித்தாலும் சமமாகவே கொடுப்போம் என்று சொன்னவர்களின் சொல்லுக்கு இதுவே சான்று.

பெரீயாவைக் குறைகூற இடமே இல்லை என்று எண்ணிவிடலாகாது. 1892இல் தலைவராக வந்த வில்லியம் ஃபிராஸ்ட், அப்பலாச்சிய மலைப்பகுதியின் ஏழை வெள்ளையின மாணவர்களைச் சேர்ப்பதில் முழு ஊக்கம் காட்டினார். அந்த மலைமக்களின் வறுமையும் உண்மை. அவர்களுக்குக் கல்வி சென்றடைந்ததும் நன்மை. ஆயினும் சட்டம் வருவதற்கு முன்பே கறுப்பின மாணவர்கள் அங்கே சிறுபான்மை ஆகிவிட்டனர். பாதிக்குப் பாதி என்றிருந்த பழைய நிலையை ஃபிராஸ்ட் காக்கவில்லை என்று கறுப்பினப் பழைய மாணவர்கள் வருந்தினர். அந்த வருத்தம் நியாயமானது. வாயிலைச் சட்டம் சாத்தியது உண்மை. அது ஏற்கெனவே சற்றே ஒருக்களித்திருந்தது என்பதும் உண்மை.

வரலாறு கேட்ட மாணவர்

உட்சன் பிலிப்பைன்ஸ் தீவுகளில் சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். திரும்பிவந்து 1908இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பட்டங்கள் பெற்றார். தாம் பயின்ற கல்லூரிக்கு எதிரான உச்சநீதிமன்றத் தீர்ப்பு வெளிவந்த ஆண்டும் அதுவே. ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற ஆப்பிரிக்க அமெரிக்கர்களுள் டுபாய்ஸுக்கு அடுத்து அவர் இரண்டாமவர். கறுப்பின மக்களுக்கு எழுதத்தக்க வரலாறு இல்லை என்னும் எண்ணம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியிருந்த காலம் அது. சுரங்கத் தொழிலாளர்களின் நடுவே அமர்ந்து அவர்களுடைய போர் நினைவுகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த எண்ணம் பொய் என்று நூலகத்துக்குச் செல்லும் முன்பே தெரியும்.

1915இல் கறுப்பின வரலாற்று ஆய்வுக்கென ஒரு கழகத்தையும், அடுத்த ஆண்டில் ஓர் ஆய்விதழையும் தொடங்கினார். 1915இல் வெளியான அவருடைய முதல் நூல், 1861க்கு முன்பு கறுப்பின மக்கள் பெற்ற கல்வியைப் பற்றியது. தம் பெற்றோருக்கு மறுக்கப்பட்ட ஒன்றின் வரலாற்றையே அவர் முதலில் எழுதினார். 1926 பிப்ரவரியில் அவர் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரம், பின்னர் ஒரு மாதக் கொண்டாட்டமாக வளர்ந்து இன்றும் நடைபெறுகிறது.

1933இல் வெளிவந்த நூலில் உட்சன் தம் காலத்துக் கல்வி முழுவதையும் கேள்விக்குள்ளாக்கினார். தொழிற்கல்வி நிலையங்கள் காலங்கடந்த தொழில்நுட்பங்களைக் கற்பித்தன என்றார். கலைக்கல்லூரிகளோ பிறர் எண்ணியதை ஒப்பிப்போரை உருவாக்கினவேயன்றிச் சிந்திப்போரை உருவாக்கவில்லை என்றார். தன் மக்களை இழிவாக எண்ணுமாறு ஒருவனைப் பயிற்றிவிட்டால், அவனை அடக்குவதற்கு வேறு காவல் தேவையில்லை என்பது அந்நூலின் மையக் கருத்து. வாஷிங்டன், டுபாய்ஸ் இருவர் வழியையும் அறிந்து, இரண்டும் நடைமுறையில் எங்கே பிழைத்தன என்பதையும் அவர் கண்டிருந்தார். விடுதலைக் கலைகளைப் பயின்ற ஒருவர் அந்தக் கலைகளைப் பற்றியே இவ்வளவு கடுமையாகப் பேச முடிந்தது என்பதை அக்கல்வியின் தோல்வி என்று சிலர் கருதலாம். அதன் பயன் என்று கொள்வதே பொருந்தும். கற்பித்தவர்களையே வினவும் துணிவைத் தராத கல்விக்கு அந்தப் பெயர் எதற்கு?

அந்நூலில் அவர் படிப்பாளிகளிடம் காணும் பெருங்குறை, எளிய மக்களிடமிருந்து அவர்கள் விலகிப்போவது. பட்டம் பெற்றவர் பெறாதவரோடு அமர்ந்து பேச நாணுவதை அவர் பலமுறை கண்டிருந்தார். அவருக்கு அந்த நாணம் இல்லை. ஹார்வர்டு பட்டம் பெற்று முப்பதாண்டுகளுக்கும் மேல் கடந்தபின், 1944இல், உள்நாட்டுப் போர் வீரர்களைப் பற்றிய தம் நினைவுகளை ஓர் இதழில் எழுதினார். எழுதப்படிக்கத் தெரியாத ஆலிவர் ஜோன்ஸை, நன்கு கற்றறிந்த மனிதர் என்னும் மதிப்போடு அதில் அவர் நினைவுகூர்ந்தார்.

கென்டக்கி சட்டமன்றம் டே சட்டத்தைத் திருத்தியது 1950ஆம் ஆண்டில். நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னர், அவ்வாண்டின் இலையுதிர்பருவத்தில் கறுப்பின மாணவர் சிலர் பெரீயாவின் வகுப்பறைக்குள் மீண்டும் வந்தனர். உட்சன் அதைக் காணவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 3 அன்று, வாஷிங்டன் நகரில், தம் கழகத்தின் அலுவலகமாகவும் இருந்த தம் வீட்டில் அவர் காலமாகியிருந்தார்.